ஜெபமாலையா, விவிலியமா, பதக்கமா? பிள்ளைகளுக்குப் பக்திப் பரிசு தேர்ந்தெடுக்கும்போது

திருமுழுக்கு (ஞானஸ்நானம்), புது நன்மை (நற்கருணையை முதன்முறை பெறுவது), உறுதிபூசுதல் (நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கு), பெயர்கொண்ட புனிதரின் திருநாள், கிறிஸ்துமஸ் என்று வரிசையாக வரும் விழாக்களில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளைக்குப் பக்திப் பொருள்கள் நிறையவே வந்து சேர்கின்றன. நான்கைந்து ஜெபமாலைகள், இரண்டு விவிலியங்கள், ஒரு தேவதாய் சுரூபம் (சிலை), யார் கொடுத்தது என்றே நினைவில்லாத பதக்கங்கள். அவற்றில் பிள்ளை தானாகக் கையில் எடுப்பது ஒன்றோ இரண்டோதான். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளோடு இருக்கும் எனக்கு இது வருத்தம் தருகிறது. கொடுத்தவர்கள் எல்லோரும் அன்போடுதான் கொடுத்தார்கள். எது அழகாக இருக்கிறது, எது விழாவுக்கு ஏற்றது என்று பார்த்தார்கள். இந்தப் பிள்ளை நாளைக் காலையில் இதை வைத்து என்ன செய்யும், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று பார்க்க மறந்துவிட்டார்கள்.

ஜெபமாலையா, விவிலியமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: யார் இந்தப் பிள்ளையோடு அதைப் பயன்படுத்தப் போகிறார்கள்? பதில் 'யாரும் இல்லை' என்றால் ஒரு வகைப் பரிசு. 'நான்தான்' என்றால் வேறு வகை. வயது அதற்கு அடுத்தபடி. விலையும் அழகும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

திருமுழுக்குக்கு

கைக்குழந்தைக்கு என்ன கொடுத்தாலும் அதைப் பெறுவது பெற்றோர்தான். அதனால் இந்த விழாவில் மட்டும், பயன்படுத்தும் பொருளைவிடக் காத்துவைக்கும் பொருளுக்கு இடம் உண்டு. வெள்ளிச் சிலுவை, தங்கச் சங்கிலி, பெயர் பொறித்த பதக்கம் எல்லாம் இங்கே பொருந்தும். ஆனால் சங்கிலியைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அது பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு கைக்கு வரும் பரிசு என்று தெரிந்தே கொடுங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, திருமுழுக்கு மெழுகுதிரியைச் சுற்றி அமையும் பரிசு. சடங்கின்போது பாஸ்கா திரியிலிருந்து (உயிர்ப்புப் பெருவிழாவில் ஏற்றப்படும் பெரிய மெழுகுதிரி) ஏற்றிக் கொடுக்கப்படும் அந்த மெழுகுதிரி பெரும்பாலான வீடுகளில் சில மாதங்களில் காணாமல் போய்விடுகிறது. அதை வைக்க ஒரு நல்ல மரப்பெட்டி, மூடியின் உட்புறத்தில் திருமுழுக்கு நடந்த நாள், கோயிலின் பெயர், திருமுழுக்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்ற ஞானப்பெற்றோரின் பெயர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் மெழுகுதிரியைச் சிறிது நேரம் ஏற்றி வைக்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் தம் உரைகளில், உங்கள் திருமுழுக்கு நாள் எது என்று தெரிந்துகொள்ளுங்கள் என மக்களிடம் பலமுறை கேட்டுக்கொண்டார். அந்த நாளைப் பிள்ளைக்கு மறக்காமல் வைத்திருக்க இந்தப் பெட்டி ஒன்றே போதும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மணி கோத்த எதையும் கையில் கொடுக்கக் கூடாது. கழுத்தில் கயிறோ சங்கிலியோ போட்டுத் தூங்க வைக்கவும் கூடாது. பொம்மைகளின் பாதுகாப்பைச் சோதிக்க ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் குழந்தையின் தொண்டையையும் அடைக்கக்கூடும். ஜெபமாலை மணியும் பதக்கமும் அதற்குள் எளிதாக அடங்கிவிடும். குரு மந்திரித்த, அதாவது ஜெபித்து ஆசி அளித்த, பொருள்தானே என்று இந்த விஷயத்தில் யாரும் விதிவிலக்கு தேடக் கூடாது. தொட்டிலுக்கு ஏற்றது, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டும் காவல் சம்மனசு (காவல் தூதர்) படம்.

மூன்று முதல் ஆறு வயது வரை: சுரூபமா, படமா, குடிலா?

பரிசு கொடுப்பவர்கள் அதிகம் கவனிக்காத வயது இதுதான். இந்த வயதில் திருமுழுக்கு, புது நன்மை போன்ற எந்தத் திருவருட்சாதனமும் வருவதில்லை. ஆகையால் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஆனால் பிள்ளை கடவுளைப் பற்றி மிக இயல்பாகப் பேசும் வயதும் இதுவே. 1954-இல் ரோமில் சோஃபியா கவல்லெத்தி என்ற விவிலிய அறிஞரும் ஜான்னா கோபி என்ற மொண்டசோரி ஆசிரியையும் சேர்ந்து 'நல்லாயன் மறைக்கல்வி' என்ற முறையைத் தொடங்கினார்கள். மரத்தில் செய்த சிறிய ஆயன், ஆடுகள், பட்டி. சிறிய பீடம், கிண்ணம், தட்டு. பிள்ளைகள் அவற்றைக் கையால் நகர்த்தி, தொட்டு, இயேசு சொன்ன நல்லாயன் உவமையைத் தாங்களே வாழ்ந்து பார்க்கிறார்கள். அந்த ஆடு நான்தான் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை கண்டுகொள்கிறது. இந்த வயதுப் பரிசுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை தொட்டு நகர்த்தக்கூடிய பொருளாக இருக்கட்டும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சுண்ணச் சுரூபம் முதலில் தள்ளுபடியாகிறது. பார்க்க அழகுதான். ஆனால் அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளை கேட்கும் சொல் 'தொடாதே' என்பதாகிவிடுகிறது. மாதாவை நினைக்கும்போதெல்லாம் 'தொடாதே' என்ற சொல் சேர்ந்து வருவது நல்லதல்ல. மரத்திலோ துணியிலோ செய்த புனிதர் உருவங்கள் தாங்கும். துணியில் செய்தவற்றைத் துவைக்கலாம், கட்டிக்கொண்டு தூங்கலாம். பக்திப் பொருளைப் பொம்மையாக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் அதை மந்திரிக்காமல் விளையாட்டுப் பொருளாகவே கொடுக்கலாம். மந்திரித்த சுரூபம் ஒன்றைத் தனியாக ஜெப இடத்தில் வைக்கலாம். பிள்ளைக்கு இரண்டுக்கும் வேறுபாடு நன்றாகவே புரியும்.

சுவரில் மாட்டும் படத்துக்கும் நன்மை உண்டு. விழித்தவுடன் கண்ணில் படும். யாரும் எதையும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் எந்தப் படம் என்று கவனியுங்கள். அம்பு தைத்த மறைசாட்சியின் படத்தை நான்கு வயதுப் பிள்ளையின் கட்டிலுக்கு எதிரே மாட்டக் கூடாது.

இந்த வயதுக்கு என் தேர்வு கிறிஸ்துமஸ் குடில். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் தீவனத் தொட்டியும் வைக்கோலும் வைத்து, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தியது, மக்கள் அந்த இரவைத் தங்கள் கண்களால் காண வேண்டும் என்பதற்காகத்தான். பிள்ளைக்குக் கொடுக்கும் குடிலும் அப்படியே இருக்கட்டும். கண்ணாடிப் பேழைக்குள் ஒட்டிவைத்த குடில் வேண்டாம். ஒவ்வொரு உருவமும் தனித்தனியாக எடுக்க வரும் மரக்குடில் வேண்டும். வாங்கும்போது குழந்தை இயேசு தீவனத் தொட்டியோடு ஒட்டியிருக்கிறாரா, தனியே எடுக்க வருகிறாரா என்று பாருங்கள். தனியே எடுக்க வந்தால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முழுவதும் தொட்டியை வெறுமையாக வைத்திருந்து, பிறப்பு விழா இரவில் பிள்ளையின் கையாலேயே குழந்தையை அதில் கிடத்த வைக்கலாம். மூன்று ஞானிகளைத் தொலைவில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சி விழாவன்று கொண்டுவந்து சேர்க்கலாம். காத்திருத்தல் என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகச் சொல்லித்தரும் பொருளை நான் கண்டதில்லை. வீட்டில் இன்னும் சிறிய தம்பி தங்கை இருந்தால் அந்தக் குழந்தை உருவத்தின் அளவையும் பாருங்கள். தொகுப்பிலேயே மிகச் சிறியது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மொத்தத் தொகுப்பையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. முதல் ஆண்டு திருக்குடும்பம், அடுத்த ஆண்டு இடையர்கள், அதற்கடுத்து ஞானிகள் என்று தருகிற ஞானப்பெற்றோருக்குப் பிள்ளையின் வீட்டில் ஆண்டுதோறும் ஓர் இடம் காத்திருக்கும்.

புது நன்மை: பெரிய கேள்வி

1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆணை, பகுத்தறியும் பருவத்தை, அதாவது ஏறக்குறைய ஏழு வயதை, எட்டிய பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுக்கலாம் என்று தெளிவாக்கியது. அதற்கு முன் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை காத்திருந்தார்கள். ஆக, இன்று நாம் பரிசு தேடுவது இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு. இதை மனத்தில் வைத்தால் பல குழப்பங்கள் தீரும்.

எழுத்துப் பொடியாக இருக்கும் முழு விவிலியம் இந்த வயதுக்கு ஏற்றதல்ல. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். அதைத் திறந்த ஏழு வயதுப் பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடும். மூடியது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அதற்குப் பதில் படங்களோடு கூடிய விவிலியக் கதைநூல் கொடுக்கலாம். அதிலும் தேர்வு தேவை. சில கதைநூல்கள் புராட்டஸ்டன்ட் சபைகள் பயன்படுத்தும், 66 நூல்கள் கொண்ட விவிலியத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் ஆகியோரின் கதைகள் இருக்காது. தோபித்து நூல் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும்: வழிப்பயணம், பெரிய மீன், உடன் நடக்கும் நாய், மனித உருவில் வழித்துணையாக வரும் இரபேல் அதிதூதர். எனவே பொருளடக்கத்தில் தோபித்தைத் தேடுங்கள். பிறகு இயேசுவின் கடைசி இராவுணவுக் காட்சியைத் திருப்பிப் பாருங்கள். 'இது என் உடல்' என்ற சொற்கள் இருக்கின்றனவா, அல்லது நண்பர்கள் கூடிச் சாப்பிட்டார்கள் என்று கதை முடிந்துவிடுகிறதா? புது நன்மை வாங்கும் பிள்ளைக்கு இந்த ஒரு பக்கம் மிக முக்கியம்.

ஆனால் எவ்வளவு நல்ல கதைநூலும் வாசித்துக்காட்ட ஒருவர் இருந்தால்தான் உயிர் பெறும். இரவில் பத்து நிமிடம் ஒதுக்கும் தாயோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் கதைநூலையே முதலில் தேர்ந்தெடுங்கள்.

ஜெபமாலைக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, விரல்கள் போதும். முழு ஜெபமாலையில் 59 மணிகள்: அருள்நிறை மரியே சொல்ல 53, விண்ணுலகத் தந்தையே சொல்ல 6. ஐந்து பத்துகளையும் (பத்து அருள்நிறை மரியே கொண்ட பகுதிகள்) சொல்லி முடிக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். ஏழு வயதுக்கு அது நீளம். ஒரு பத்து என்றால் மூன்று நான்கு நிமிடம், அது முடியும். அதனால் பத்து மணிகள் மட்டும் கொண்ட சிறு ஜெபமாலை கொடுப்பதா, முழு ஜெபமாலை கொடுப்பதா என்று கேட்கிறார்கள். குடும்பமாக ஜெபமாலை சொல்லும் வீடு என்றால் முழுதாகக் கொடுங்கள். பெரியவர்களின் கையில் இருப்பதுபோலவே தன் கையிலும் ஒன்று இருப்பது பிள்ளைக்குப் பெருமை. அது ஒரு பத்தோடு தூங்கிவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் அந்தப் பழக்கம் இல்லையென்றால் பத்து மணி ஜெபமாலை நல்லது. சட்டைப்பையில் அடங்கும், தனியாகவே சொல்லி முடித்துவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மெல்லிய கம்பி வளையங்களால் கோத்ததைவிட உறுதியான நூலில் முடிச்சிட்டுக் கோத்தது நீடிக்கும். பெரிய மணிகளுக்கு வேறு நிறமோ வேறு வடிவமோ இருந்தால், எந்த ஜெபம் எங்கே வருகிறது என்பது பிள்ளைக்கு விரலிலேயே தெரிந்துவிடும். கண்ணாடி மணிகள் மின்னும், ஆனால் சில்லு பெயரும். கூடவே வரும் விளக்கத்தாள் பழையதாக இருந்தால் அதில் மூன்று வகை மறையுண்மைகள் (ஜெபமாலை சொல்லும்போது தியானிக்கும் இயேசு, மாதாவின் வாழ்க்கை நிகழ்வுகள்) மட்டும் இருக்கும். 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்த ஒளியின் மறையுண்மைகளும் உள்ள தாளாகப் பாருங்கள்.

பதக்கத்தின் நிலை வேறு. வாசிக்க வேண்டாம், சொல்லிப் பழக வேண்டாம். போட்டுக்கொண்டால் நாள் முழுவதும் கூடவே இருக்கும். அதன் பின்னால் ஒரு கதை இருந்தால் பிள்ளை அதை விடவே விடாது. அற்புதப் பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1830-இல் பாரிசில் கன்னியர் மடத்தில் இருந்த கத்தரீன் லபூரே கண்ட காட்சியில், மாதாவின் விரல்களில் இருந்த மணிக்கற்களிலிருந்து ஒளிக்கதிர்கள் வீசின. சில கற்களிலிருந்து மட்டும் ஒளி வரவில்லை. அவை மக்கள் கேட்க மறந்துவிடும் அருள்வரங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இதைக் கேட்ட பிள்ளைகள் அன்றைக்கே மாதாவிடம் எதையாவது கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். சற்று வளர்ந்த பிள்ளைக்குப் புனித ஆசீர்வாதப்பரின் (பெனடிக்ட்) பதக்கமும் பிடிக்கும். அதில் உள்ள லத்தீன் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஜெபத்தின் ஒரு சொல்லுக்கு முதலெழுத்து என்பதால், அவற்றை விடுவித்துப் படிக்க ஆர்வம் வந்துவிடும்.

பதக்கத்தில் உள்ள ஆபத்து, கொடுப்பவரின் வாயில் இருக்கிறது. 'இதைப் போட்டுக்கொள், உனக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் கொடுத்தால் அது தாயத்தாகிவிடும். உள்ளத்தின் மனநிலையை விட்டுவிட்டு வெளிச்செயலுக்கே பலன் இருப்பதாக எண்ணுவது மூடநம்பிக்கை என்று திருஅவையின் மறைக்கல்வி ஏடு 2111-ஆம் எண்ணில் எச்சரிக்கிறது. பதக்கம் தொலைந்துபோனதும் மாதாவும் போய்விட்டதாக அழும் பிள்ளைகள் உண்டு. 'இதைப் பார்க்கும்போது மாதாவிடம் ஒரு வார்த்தை பேசு' என்று சொல்லிக் கொடுங்கள், போதும்.

உத்தரியத்தை (கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணியும் இரு சிறு துணித்துண்டுகள்) பரிசாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். கார்மேல் உத்தரியத்தை முதல் முறை குரு அணிவித்து, பிள்ளையை அந்தப் பக்தியில் சேர்க்க வேண்டும். பொட்டலத்தில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகும் பொருள் அல்ல அது. கம்பளித் துணி தோலை உறுத்தினால், 1910 முதல் அதற்கு ஈடாகத் திரு இருதயமும் மாதாவும் பொறித்த பதக்கத்தை அணிய அனுமதி இருக்கிறது.

ஜெபப் புத்தகம் கொடுப்பதென்றால் ஒன்றை மட்டும் பாருங்கள்: திருப்பலிப் பதில்மொழிகள் இப்போது கோயிலில் சொல்லப்படும் வடிவத்தில் இருக்கின்றனவா? பழைய வடிவத்தைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டுத் திகைத்து நிற்கும் பிள்ளை அதை மறுபடி திறக்காது. ஜெபநூல்கள் வெளியிட ஆயரின் அனுமதி வேண்டும் என்று திருஅவைச் சட்டம் 826 சொல்கிறது. அந்த அனுமதி முன்பக்கத்தில் அச்சாகியிருக்கும்.

புது நன்மைக்கு ஒன்றுதான் கொடுக்க முடியும் என்றால் நான் கொடுப்பது நூலில் கோத்த ஜெபமாலை. விவிலியக் கதைநூல் அதற்கு நிகரானதுதான். ஆனால் வாசித்துக்காட்டுபவர் இல்லாத வீட்டில் அது தோற்றுவிடுகிறது. ஜெபமாலையோ பிள்ளை தனியாக இருந்தாலும் கையோடு இருக்கும்.

உறுதிபூசுதலுக்கு

இங்கே முழு விவிலியம் தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. அதோடு எங்கே தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாற்கு நற்செய்தி 16 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்றாக வாசித்தால் பதினாறு நாளில் முடியும். நான்கு நற்செய்திகளும் சேர்ந்து 89 அதிகாரங்கள், மூன்று மாத வாசிப்பு. தொடக்கநூலில் ஆரம்பித்து லேவியர் நூலில் நின்றுபோன இளைஞர்கள் ஏராளம்.

இந்த வயதில் சுரூபமும் பளபளப்பான பொருள்களும் பெரும்பாலும் எடுபடாது. தங்கள் வயதில் வாழ்ந்து இறந்த புனிதர்களின் வரலாறு எடுபடும். தோமினிக் சாவியோ 14 வயதில் இறந்தவர். போர்ச்சுகலின் பாத்திமாவில் மாதாவின் காட்சி கண்ட பிரான்சிஸ்கு பத்து வயதிலும் ஜசிந்தா ஒன்பது வயதிலும் இறந்தார்கள். 2017-இல் புனிதர் பட்டம் பெற்றார்கள். கணினியை நேசித்த கார்லோ அகுத்திஸ் 2006-இல் 15 வயதில் இறந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரானார். ஆனால் எந்தப் புனிதரின் நூல் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உறுதிபூசுதலுக்குப் பிள்ளை தேர்ந்தெடுத்த பெயர் எது என்று கேட்டு அதன்படி வாங்குங்கள்.

அறைக்குப் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) கொடுக்க நினைத்தால், இரத்தம் வடியும் உருவத்தைப் பார்க்கத் தயங்கும் பிள்ளைக்குச் சான் தமியானோ சிலுவை நல்ல மாற்று. பிரான்சிஸ் அசிசியார் அதன் முன்தான் ஜெபித்தார். அதில் தீட்டப்பட்ட இயேசு கண்களைத் திறந்தபடி நம்மைப் பார்க்கிறார்.

ஜெபச் செயலி, மின்னணு ஜெபமாலை போன்றவை வேண்டாம். திரைக்கு வெளியே பிள்ளைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களையாவது அப்படியே விட்டுவைப்போம். இணையத்தில் விற்பனைக்கு வரும் புனிதர்களின் அருளிக்கங்களையும் (உடல் எச்சங்கள் போன்றவை) வாங்கக் கூடாது. அவற்றை விற்பதைத் திருஅவைச் சட்டம் 1190 முற்றாகத் தடுக்கிறது.

வீட்டில் ஜெபம் இல்லாதபோது

ஞானத்தாயாகவோ ஞானத்தந்தையாகவோ இருக்கும் பலரின் கவலை இது. பிள்ளையின் பெற்றோர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். என்ன கொடுத்தாலும் மூலைக்குப் போய்விடும் என்று தெரிகிறது. இங்கே பெரிய பரிசு எதுவும் உதவாது. பெற்றோரைக் குத்திக்காட்டுவதாகவும் ஆகிவிடும். முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் பிள்ளையின் கையில் எதையும் திணிக்காதீர்கள். பிள்ளையின் பெயர்கொண்ட புனிதரின் பதக்கமோ சிறு படமோ போதும். அதற்கு வேறு யாருடைய உதவியும் வேண்டாம். மீதியை உங்கள் நேரமாகக் கொடுங்கள். திருமுழுக்கு நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு, பாதுகாவலர் திருநாளில் ஒரு கடிதம், பெற்றோர் சம்மதித்தால் பெருவிழாத் திருப்பலிக்கு உங்களோடு அழைத்துச் செல்வது. கிறிஸ்தவ வாழ்வில் பிள்ளைக்குத் துணை நிற்பதே ஞானப்பெற்றோரின் கடமை என்றுதான் திருஅவைச் சட்டமும் சொல்கிறது.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் எல்லோருக்கும் ஒரே பொருளை வாங்குவதைவிட, ஒரே வகையில் அவரவர் புனிதரோடு வாங்குவது மேல். சண்டையும் வராது, எது யாருடையது என்ற குழப்பமும் இருக்காது.

எதை வாங்கினாலும் மந்திரிப்பதை வாங்கிய பிறகே செய்யுங்கள். மந்திரித்த ஜெபமாலையை விற்றால் அதோடு இணைந்த பலன் நின்றுவிடும் என்பது பேறுபலன்கள் (பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் அருள்) பற்றிய திருஅவையின் விதி. கொடுக்கும் முன்பே மந்திரித்து வைக்கலாம். ஆனால் பிள்ளையையே கூட்டிப்போய், அதன் கையாலேயே பங்குத்தந்தையிடம் கொடுக்க வைப்பதையே நான் விரும்புகிறேன். பொருள் உடைந்துபோனால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: உடைந்தது பாவம் அல்ல, மறைத்து வைக்க வேண்டியதில்லை, பழுதுபார்க்க முடியாவிட்டால் எரிக்கலாம் அல்லது மண்ணில் புதைக்கலாம், பிறகு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.